இந்தப் பிறைக்கான வேலைகள்

சைதாப்பேட்டை மொட்டைமாடியில் பிறை பார்த்து ஓதி முடித்த ஹபீபுன்னிசா, வழக்கம்போல அந்த மாதத்து வேலைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறாள். சுவரைவிட்டு வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது. "கய்யூமு, தண்ணி இனிமே உன் பொறுப்பு. மைமூனா, உன் தலைய நீயே பின்னிக்கணும்." மடியில் சின்னவன் அவள் வளையலை உருட்டுகிறான். "அத்தா தட்ட நான்தானேம்மா தேய்ச்சு வெக்கணும்?" என்கிறாள் மைமூனா. ரங்கூனுக்குச் சம்பாதிக்கப் போன தகப்பனாரிடமிருந்து, அங்கே குண்டு விழுந்த பிறகு கடுதாசி இல்லை. அவர் தட்டு மட்டும் பிறைக்குப் பிறை பளபளவென்று காத்திருக்கிறது. கீழே ரயில் கூவிக்கொண்டு போகிறது. அது ஓய்ந்ததும் ஹபீபுன்னிசா சின்னவன் தலையைத் தடவுகிறாள். "இனிமே அதுல தம்பி சாப்பிடட்டும்." "அவனுக்கு அது பெரிசா கீதேம்மா." "வளந்துடுவான்" என்கிறாள், பிறை இருந்த இடத்தைப் பார்த்தபடி.