மாமனார் வெட்டிய ஊஞ்சல்

ஆபீஸிலிருந்து வந்த மருமகள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேற்று ராத்திரி கணவன் கொல்லை மரத்தில் கட்டிய ஊஞ்சல், கயிறு வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது.

"யார் வெட்டினது?"

"நான்தான்," என்றார் மாமனார், நாற்காலியை விட்டு எழாமல்.

"பேத்தி ஆடினா உங்களுக்கு ஏன் மாமா பொறுக்கல? கட்டும்போதே 'இது வீடா, சர்க்கஸ் கூடாரமா'ன்னு குதிச்சீங்க. இப்ப வயிறு குளிர்ந்துதா?"

"கிளை பிளந்திருக்கு. குழந்தை விழுந்தா மண்டை உடையும்."

"நல்ல சால்ஜாப்பு!"

கணவன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். கிளை நிஜமாகவே பிளந்திருந்தது. மருமகளின் கோபம் அப்படியே அவன்மேல் திரும்பியது.

"கிளை பார்த்துக் கட்டத் துப்பில்லை! உங்களால மாமாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்!"

"நாலு வயசுக் குழந்தைக்கு இந்தக் கிளை தாராளம்டி! அதுவும் அவ இன்னும் ஒரு தடவைகூட இதுல உட்காரலை. ஸ்கூல் விட்டு வந்து ஆடலாம்னுதானே சொல்லி வச்சிருந்தோம்? காலையில நல்லா இருந்த கிளை, யாரும் ஆடாம எப்படிப் பிளக்கும்?"

இருவரும் மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"என்ன முறைப்பு?" என்று எரிந்து விழுந்தார் மாமனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி எழுந்தார். "அதோ, அந்தத் தடிக் கிளையில கட்டு. பலகையையும் கொஞ்சம் அகலமாப் போடு!"