காது மெஷின் எப்போ வரும்?

மருமகள் சேவை மையத்துப் பெண்ணைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"காது மெஷின் வெள்ளிக்கிழமை வந்துடும்னு சொன்னது நீங்கதானே? சொன்ன நாள்ல வரலேன்னா நஷ்டஈடு கேக்க எனக்கு உரிமை இருக்கு. எங்க அத்தைகிட்ட கத்திக் கத்தி என் தொண்டையே போயிடுச்சு!"

எதுவுமே காதில் விழாதவராக மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம்," என்றாள் சேவை மையத்துப் பெண். "பார்சல் கிளம்பும்போதெல்லாம் உங்க வீட்டிலிருந்து ஒரு வயசான அம்மா போன் பண்ணி, 'இப்ப வேண்டாம், அப்புறம் அனுப்பு'ன்னு சொல்லிடறாங்க."

"அவங்களுக்குத்தான் காதே கேக்காதே!"

"நான் வாய்க்குள்ள முணுமுணுத்ததுக்குக்கூட அவங்ககிட்ட திட்டு வாங்கினேன் மேடம்!"

மருமகள் மெல்லத் திரும்பினாள். மாமியாரின் கையில் துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"காது கேக்கும்னா நீ அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிடுவே," என்றார் அசட்டுச் சிரிப்போடு. "இப்பதானேம்மா பக்கத்துல வந்து உக்காந்து பேசுறே?"

கோபம் வரவேண்டிய இடத்தில் மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும்.

"ஆர்டரை ரத்து பண்ணிடுங்க," என்றாள் போனில்.

"சரி மேடம். தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டீங்களே?"

"அதை நான்தான் குடுக்கணும்," என்று போனை வைத்துவிட்டு, அத்தையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.