குடத்து மூடி

தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஆணியில் தொங்கிய மூடியிடம் எலி கேட்டது: "நாலு நாளா பாப்பாவைக் காணோமே? முறுக்குத் தூள்கூட விழலை."

"ஆஸ்பத்திரியில இருக்கா. எலிக்காய்ச்சலாம்."

"என் பேரிலயா?"

"நீ தண்ணி குடிக்க ஏறுறப்போ மூத்திரம் குடத்துல விழுந்திருக்கு. அதை அவ குடிச்சிட்டா."

"அய்யோ! நீ மூடியிருக்கக் கூடாதா?"

"சீர்ல வந்த மூடி, கீறல் விழுந்துடும்னு என்னை மாட்டியே வச்சுட்டாங்க. சாயங்காலம் அவ வந்துடுவா. குடத்தைக் கழுவிப் புதுத் தண்ணி பிடிச்சிருக்காங்க."

எலி அந்தத் தண்ணீரையே பார்த்தது. பிறகு சுவரேறி மூடியை நெட்டித் தள்ளியது. அது கணீரென்று குடத்தின்மேல் விழுந்து பொருந்தியது.

"தாகத்துல நான் வந்து கெஞ்சுவேன்," என்றது எலி. "அப்பவும் விலகிடாதே."