செவ்வாய்க்கிழமை வாந்தி

“ராத்திரி ரெண்டு தடவை வாந்தி,” என்றார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. தட்டில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டார். “எதுவுமே உள்ள இறங்க மாட்டேங்குது சிஸ்டர்.”

“என்ன நிறத்துல இருந்துச்சு?”

வாந்திக்கு நிறம் உண்டு என்பதை அவர் யோசித்து வைக்கவில்லை. “வழக்கமான நிறம்தான்.”

அவருக்கு நுரையீரலில் புற்று. பழைய மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆராய்ச்சியில் இருக்கும் புது மருந்தைக் கொடுத்தார்கள். அதன் தொந்தரவுகளைக் கேட்டுப் பதிய, செவ்வாய்தோறும் இந்த நர்ஸ் கூப்பிடுவாள்.

டாக்டர் படம் போட்டு விளக்கியிருந்தார். “பழைய மாத்திரை, புற்றை வளர்க்கற புரதத்துக்குப் பூட்டுப் போட்டுச்சு. அது உருவத்தை மாத்திக்கிட்டு பூட்டைக் கழட்டிடுச்சு. புதுசு பூட்டெல்லாம் போடாது. ‘இது குப்பை’ன்னு சீட்டு ஒட்டிடும். செல்லே அள்ளிப் போட்டு அரைச்சுடும்.”

ஓய்வுபெற்ற அன்று கம்பெனியில் தனக்குச் செய்ததும் இதுதான் என்பதால், மெக்கானிக்குக் கற்பூரமாய்ப் பிடிபட்டது.

மருந்து வேலை செய்தது. கட்டி பாதியாகச் சுருங்கியது. வம்பு அங்கேதான் ஆரம்பம். வாந்தி இல்லை, அரிப்பு இல்லை, மயக்கம் இல்லை என்றால் ஒரு நிமிடத்தில் ஃபோனை வைத்துவிடுவாள். அடுத்த செவ்வாய் வரை அவர் வீட்டுப் பக்கம் குரல் கொடுப்பது எதிர்வீட்டு நாய் மட்டும். அதுவும் இவரிடம் அல்ல.

ஆகவே சில வாரங்களாக அவருக்கு எல்லாம் வந்துகொண்டிருந்தது. அரிப்புக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. மயக்கத்துக்குப் பத்து.

முன்பெல்லாம் அவள் பேசும்போது பின்னால் நாலு ஃபோன் அடிக்கும், யாரோ யாரையோ கடிந்துகொள்வார்கள். இப்போது ஒரு மின்விசிறி மட்டும் கடகடத்தது. தனி அறை கொடுத்துவிட்டார்கள் போல, நல்ல பெண், கிடைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

“தலை சுத்தினா தனியா குளிக்கப் போகாதீங்க. போனாலும் தாழ்ப்பாள் போடாதீங்க,” என்றாள்.

அந்த அக்கறைதான் அவரைக் கவிழ்த்தது.

“சிஸ்டர், எனக்கு வாந்தியே வரலை. அரிப்பு, மயக்கம் எல்லாமே பொய்.”

தட்டைத் தள்ளி வைத்தார்.

“நேத்து ஸ்கேன் எடுக்கற இடத்துல ஒரு தையல்காரம்மா இருந்தாங்க. இதை விட்டா அவங்களுக்கு வேற மருந்தே இல்லையாம். நிறைய பேருக்கு ஒத்துக்கலைன்னா இதை நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டிருந்தாங்க. என் வாந்தியால அவங்க உசிரு போயிடக் கூடாது. நான் சொன்னதை எல்லாம் அடிச்சிடுங்க. திட்டறதா இருந்தா திட்டுங்க. கொஞ்சம் நேரம் எடுத்துத் திட்டுங்க.”

அவள் திட்டவில்லை.

“அடிக்க ஒண்ணுமில்லைங்க. நான் எதையும் எழுதலை. ஃபோன்ல விசாரிக்கறதையே ஆஸ்பத்திரில நிறுத்திட்டாங்க.”

“அப்ப நீங்க?”

“எனக்கு வேலை போயி மூணு மாசமாச்சுங்க.”