புது கார்டு

நண்பன் வெற்றிச்செல்வன் கம்ப்யூட்டர் கேமுக்காகப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியதிலிருந்து தமிழ்மணிக்கு வயிறு எரிந்தது. ஜமுனாமரத்தூரில் தனக்குத் தெரிந்த வேறு யாரிடமும் அது இல்லை. இப்போது கார்டு சரியில்லை என்று வெற்றி அவனையே கூப்பிட்டிருந்தான்.

“மொதல்ல நல்லாத்தான்டா ஓடுது. கொஞ்ச நேரத்துல கேம் திக்கித் திக்கி நிக்குது. கார்டு போச்சுன்னா நீயே எடுத்துக்கினு போ. அப்பா வேற வாங்கித் தர்றேன்னாரு.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு வயிறு இன்னும் எரிந்தது. தமிழ்மணி கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தான்; செட்டிங்கைக் குறைத்தான். ஆட்டம் அப்படியேதான் திணறியது. கார்டைத் தொட்டால் கொதித்தது.

“எவன் கண்ணு பட்டுச்சோ!” என்றபடி டீ கொண்டுவந்தார் வெற்றியின் அம்மா மங்கம்மாள்.

தமிழ்மணி கம்ப்யூட்டரை அணைத்துக் கார்டைக் கழற்றினான். அடியிலிருந்த விசிறியில் ஒரு கறுப்புக் கயிறு சுற்றி இறுகியிருந்தது. விசிறி ஓடாததால்தான் இவ்வளவு சூடு. வெற்றி அதைக் கவனிக்கவில்லை. ஒரு பொய் சொன்னால் போதும், கார்டு தன்னுடையது.

“கார்டு...” என்று ஆரம்பித்தான்.

“அய்யய்யோ, அந்தக் கயித்த அவுக்காதப்பா!” மங்கம்மாள் பதறினார். “புது வண்டிக்குக் கட்டுற மாதிரி திருஷ்டிக்கு நான்தான் கட்டுனேன்.”

“இன்னாம்மா இது? எப்ப கட்டுன?” என்றான் வெற்றி.

“மொத நாளு தமிழு வந்து பாத்துட்டுப் போச்சே, அன்னிக்குத்தான்.”

தமிழ்மணி கார்டை மெல்லக் கீழே வைத்தான்.

“...நல்லாத்தான்டா இருக்கு.”