பக்கத்து ஸ்லைடு

காக்ஸ் டவுன் லேபில் அணுக்களுக்கு நிறமேற்றும் புதுச் சாயம் வந்தால், ஜெசிந்தா தன் விரலைக் குத்தி அந்த ரத்தத்தில்தான் முதலில் சோதித்துப் பார்ப்பாள். நேற்றும் அப்படியே செய்தாள். தன் ரத்தம் பூசிய ஸ்லைடை தாஸின் நுரையீரல் நீர் பூசிய ஸ்லைடுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தாஸ் பல வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தவர். அவருடைய ஸ்லைடில் நேற்று ஊசிபோல ஓர் ஆஸ்பெஸ்டாஸ் இழை கிடந்தது. அதை விழுங்கப் போன வெள்ளையணு, அதன் நீளம் தாங்காமல் கிழிந்து செத்திருந்தது. அடுத்து வந்ததும் அப்படித்தான்.

இன்று காலை அந்த இழை தெரியவில்லை. நுனியிலிருந்து நுனிவரை வெள்ளையணுக்கள் அதை மூடியிருந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை. ஜெசிந்தாவின் ஸ்லைடில் சிவப்பணுக்கள் மட்டுமே மிச்சமிருந்தன.

"சாயம் போட்டா எல்லாம் செத்துடுமே மேடம், எப்படி நகரும்?"

டாக்டர் மைதிலி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்துதான் இருக்கு ஜெசிந்தா. ஆனாலும் போயிருக்கே."

வெளியே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த தாஸ் நெடுநேரம் இருமினார்.

இருமல் அடங்கியதும் டாக்டர் தன் விரலை நீட்டினார்.

"என்னுதையும் ஒரு சொட்டு எடு."