பயந்த பயணி

"போன மாசம்தானே சுரண்டிக் குடுத்தேன், மறுபடியும் அடை அடையாக் கரியா?" பிஸ்டனைத் தூக்கிக் காட்டிக் கத்தினார் மெக்கானிக். "பழைய படகு இன்ஜின்யா இது. எப்பவும் ஆமை மாதிரி ஓட்டினா கார்பன் படியாம என்ன செய்யும்? நல்லா முறுக்கி ஓட்டு!"

படகுக்காரன் நெளிந்தான். "சாயங்காலம் அக்கரையிலேர்ந்து வர்ற ஒரு பயணிக்கு வேகமாப் போனா பயமாம் சார்."

"எந்தப் பயந்தாங்கொள்ளி அது? என்கிட்ட அனுப்பு, நாலு வார்த்தை நறுக்குனு கேக்கறேன்!"

மெக்கானிக்கின் மகள், அக்கரையில் வேலை பார்ப்பவள், டீயோடு பட்டறைக்குள் வந்தாள். பிரித்துப் போட்டிருந்த இன்ஜினைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"சரி பண்ணிட்டா வேகமாப் போகுமாப்பா?"

"பறக்கும்!"

"ஐயோ, எனக்குப் பயமா இருக்குமே..."

மெக்கானிக் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளிக்கூட வயதிலேயே அவருடைய படகைத் திருட்டுத்தனமாக எடுத்து, கரையே அலறும்படி முழு வேகத்தில் ஓட்டியவள் இவள். படகுக்காரனோ தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சுரண்டியை அவன் கையில் திணித்தார் மெக்கானிக்.

"பிடிங்க மாப்பிள்ளை! மீதிக் கரியை நீங்க ரெண்டு பேருமே சுரண்டுங்க. சேர்ந்துதானே படிய வச்சீங்க?"